அக்கா கொடுத்த ஷாஃப்ட்

செண்பகத்திடம் போனில் பேசி ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை. லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண், கடைசியில் தன் மாமியார் படுத்தும் பாட்டைச் சொல்லி அழுதுவிட்டு வைத்தாள். பரிசு விழுந்திருக்கிறது என்றவனை, “உங்கம்மாவுக்குத் தெரியுமாடா நீ பண்ற வேலை?” என்று கேட்டே ஓட்டிவிட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் லாரிக் கம்பெனியிலிருந்து ஆர்த்தி என்ற பெண் போன் செய்தாள். பாவம்.

“வணக்கம் மேடம். உங்க டிப்பர் லாரிக்கு ரீகால் வந்திருக்கு. வண்டியைத் திண்டிவனம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்தீங்கன்னா, ஒரு பார்ட்டை இலவசமா மாத்தித் தருவோம்.”

“இலவசமா?”

“ஆமாம் மேடம்.”

“ஓடிபி எப்பம்மா கேப்ப? இப்பவா, நான் சாப்ட்டு வந்தப்புறமா?”

ஆர்த்தி விடவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். சீக்கிரமே போலீசில் மாட்டிக்கொள்வாய், வேறு நல்ல வேலை பார்த்துக்கொள் என்று செண்பகம் அவளுக்குப் புத்திமதி சொன்னாள். வண்டி வாங்கிய அன்று ஒரு சாவிக்கொத்து கேட்டதற்கே மூஞ்சியைச் சுளித்த கம்பெனி, இப்போது தானாகக் கூப்பிட்டுச் சும்மா தருகிறேன் என்றால் எந்தப் பைத்தியக்காரி நம்புவாள்? கடைசியில் ஆர்த்திக்கே பொறுமை போய்விட்டது.

“மேடம், எனக்கு ஓடிபியும் வேணாம், ஆதாரும் வேணாம். உங்க வண்டியில இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல நீளமா ஒரு ஷாஃப்ட் சுத்துது இல்ல, அதுல வெல்டிங் சரியில்ல. உங்க வண்டி வந்த சமயத்துல செஞ்ச ஷாஃப்ட்ல எல்லாம் விரிசல் விடுது. லோடோட போறப்ப அறுந்து ரோட்டுல குத்துச்சுன்னா வண்டியே கவுந்துடும். சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்!”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் செண்பகத்துக்கு நம்பிக்கை வந்தது. எந்தத் திருடனும் ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லி விட்டுவிட மாட்டான்.

மறுநாள் காலையில் செண்பகம் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். கலைப்பிரியாவுக்கு ஐந்து வயது. அவள் இரண்டு காதிலும் பசை தடவிய ஸ்டிக்கர் தோடு. பள்ளிக்கூடம் போவதற்குள் ஒன்று உதிர்ந்துவிடும், மற்றது மத்தியானச் சாப்பாட்டில் விழும்.

“மா, எல்லாப் பசங்களும் என்னை மூளிக்காதின்னு கூப்புடுதுங்க. மாமா எப்ப வரும்?”

“தலையை ஆட்டாத” என்றாள் செண்பகம். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் அதுதான் பதில்.

பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். செண்பகத்துக்கு இருப்பது ஒரே தம்பி, காணையில் இருக்கும் கோகுலகிருஷ்ணன். அக்காவைப் போலவே அவனும் ஒரு டிப்பர் வைத்து ஜல்லி ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒலக்கூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்து, கிடா வெட்டி, சொந்தம் மொத்தமும் கூடி நிற்க, மாமனைக் காணோம். நல்ல நேரம் போய்விட்டது. “நான் வேணா மடியில வச்சிக்கட்டுமா?” என்று செண்பகத்தின் புருஷன் வழியில் ஒருவர் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவர் பந்திக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் தம்பியின் லாரி வந்து நின்றது. சீர்த்தட்டு, ஸ்பீக்கர் செட், பின்னால் நிறைய ஜனம். “வண்டி நின்னுபோச்சுக்கா” என்றான். செண்பகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். “அக்கா புள்ளைன்னா உனக்கு அவ்ளோ இளப்பமாடா? இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக்கூட இறக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதோடு பேச்சுவார்த்தை இல்லை. இவள் அவன் நம்பரை பிளாக் செய்தாள். ஆனால் பாருங்கள், வேறு ஒருத்தர் மடியில் பிள்ளையை உட்கார வைக்கவும் இவள் சம்மதிக்கவில்லை. மாமனும் வேண்டாம், மாமன் இல்லாமலும் வேண்டாம் என்றால், பிள்ளை மூளிக்காதோடுதான் இருக்கும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, செண்பகமும் அவள் புருஷன் சீனுவாசனும் லாரியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். சீனுவாசன் பேச்சில் சிக்கனம், வேகத்திலும் சிக்கனம். வண்டி ஓட்டுவது அவர், மற்ற எல்லாவற்றையும் ஓட்டுவது செண்பகம்.

பச்சைமுத்து என்ற மெக்கானிக் லாரிக்கு அடியில் நுழைந்தான். நுழைந்த வேகத்தில் வெளியே தலையை நீட்டினான்.

“அக்கா, இது எங்க கம்பெனி சரக்கே இல்லியே. பழைய சாமான் கடை பீஸு. நல்லாத்தான் இருக்குது, ஆனா இது இல்ல. வண்டியோட வந்த ஷாஃப்ட் எங்க?”

“வண்டியோட வந்தது...” என்று ஆரம்பித்த செண்பகத்துக்கு அது எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தக் காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் தம்பி வண்டியில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. இவள் வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேலைக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. இரண்டும் ஒரே மாடல். “என்னுது சும்மாத்தான் நிக்குது, கழட்டி மாட்டிக்கோடா. பொழப்பு கெடக்கூடாது” என்று சொன்னவள் இவளேதான். அவன் அடியில் படுத்துக் கழற்ற, இவள்தான் டார்ச் பிடித்தாள். பிறகு தனக்குப் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாள். இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் அப்படித்தான். ஸ்டெப்னியை மாற்றிக்கொள்வார்கள், பேட்டரியை மாற்றிக்கொள்வார்கள், ஆத்திர அவசரத்துக்கு டிரைவரையே மாற்றிக்கொள்வார்கள். கம்பெனிக்காரன் சேஸிஸ் நம்பரை வைத்துத் தேடுகிறான். ஷாஃப்ட் அக்கா தம்பி உறவை வைத்து இடம் மாறியிருக்கிறது. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

“அது என் தம்பி வண்டியில ஓடுதுய்யா” என்றாள்.

உள்ளேயிருந்து ஆர்த்தி வந்தாள். போனில் கேட்ட குரலுக்கு ஆள் சின்னவளாக இருந்தாள். தம்பி வண்டி நம்பரைக் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

“மேடம், இந்த வண்டி லிஸ்ட்லயே இல்ல. அவருக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க.”

செண்பகம் பிளாக்கை எடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள்.

“எடுக்க மாட்டான்” என்றார் சீனுவாசன். “வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாதுன்னு உன் தலையில அடிச்சு சத்தியம் வாங்கின இல்ல?”

வாங்கியது நிஜம். பேச்சு நின்று இரண்டு வருஷமாகியும் அந்தப் பயல் அந்தச் சத்தியத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். செண்பகத்துக்கு அவன்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. தம்பி பெண்டாட்டி இளவரசியைக் கூப்பிட்டாள்.

“அண்ணியா? இன்னாங்க அண்ணி அதிசயமா?”

“கோகுலு எங்கம்மா?”

“திண்டிவனத்தாண்ட கிரஷர்ல ஜல்லி ஏத்திக்கினு விழுப்புரம் வர்றாரு. இப்பதான் கெளம்பறேன்னு சொன்னாரு. ஏங்க அண்ணி?”

“ஒண்ணுமில்ல, நீ பயப்படாத. சாயங்காலம் குழம்பு கொஞ்சம் கூட வை.” வைத்துவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். “ஏங்க, ஜல்தி வண்டியை எடுங்க!”

அவர்கள் வண்டி காலி. தம்பி வண்டியில் முழு லோடு. பிடித்துவிடலாம். ஆனால் ஓட்டுவது சீனுவாசன் ஆயிற்றே.

“கொஞ்சம் அழுத்துங்களேன்!”

“அழுத்திக்கினுதான் இருக்கேன்.”

“ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி நம்மள தாண்டிப் போவுது, அழுத்தறாராம்!”

சீனுவாசன் கல்யாணமான நாளிலிருந்து காணாத ஒரு வேகத்தைக் காட்டினார். செண்பகம் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டு மேம்பாலம் இறங்கும்போது முன்னால் ஒரு மஞ்சள் டிப்பர் தெரிந்தது. அதன் பின்கதவில் பெரிய எழுத்தில், பூ போட்டு, ‘கலைப்பிரியா’ என்று எழுதியிருந்தது.

கலைப்பிரியா பிறந்த அன்று அவன் எழுதிய பேர் அது. சண்டைக்குப் பிறகு பெயின்ட் அடித்து மறைத்திருப்பான் என்றுதான் செண்பகம் நினைத்திருந்தாள். மறைக்கவில்லை. போதாததற்கு எழுத்துக்குச் சமீபத்தில் சிவப்புக் கரை வேறு கட்டியிருந்தான்.

“ஹாரன் அடிங்க!”

சீனுவாசன் அடித்தார். கோகுலகிருஷ்ணன் கண்ணாடியில் பார்த்தான். அக்காவின் வண்டி. ஹாரன்மேல் ஹாரன். நடுரோட்டில் என்னிடம் சண்டைக்கு வருகிறாளா என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் வேகமாகப் போனான். இவர்கள் அடிக்க அடிக்க அவன் ஓட்டினான்.

“ஐயோ, அடிக்காதீங்க, அடிக்காதீங்க! ஓடறான் பாருங்க!” செண்பகம் சீனுவாசனின் கையைத் தட்டிவிட்டாள். ஜல்லி நிறைந்த அந்த வண்டி ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் அவள் தன் குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்தாள். விக்கிரவாண்டி வருவதற்குள் ஒரு மந்தையே சேர்ந்துவிட்டது.

நல்லவேளை, டோல்கேட் என்று ஒன்று இருக்கிறது. அங்கே யாராக இருந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். மஞ்சள் வண்டி வரிசையில் நின்றது. சீனுவாசன் பிரேக் போட்டு முடிப்பதற்குள் செண்பகம் குதித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கார்களுக்கு நடுவே ஓடினாள்.

“டேய் கோகுலு! வண்டியை ஆஃப் பண்ணுடா! கீழ இறங்கு!”

கோகுலகிருஷ்ணன் நேராக முன்கண்ணாடியைப் பார்த்தபடி, வசூல் கூண்டில் இருந்த டோல்கேட் ஊழியரிடம் சொன்னான்: “சார், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“அடப்பாவி!” செண்பகத்துக்கு எதை முதலில் சொல்வது என்ற நிதானமே போய்விட்டது. “உன் வண்டி அடியில இருக்கறது என் ஷாஃப்ட்டுடா! அதைக் கழட்டு மொதல்ல!”

சொல்லியிருக்க வேண்டியது வேறு. சொன்னது இது. தம்பியின் முகம் சிவந்துவிட்டது.

“இன்னா? ரெண்டு வருஷம் கழிச்சு வந்து குடுத்த ஷாஃப்ட்டைத் திருப்பிக் கேக்கறியா? டோல்கேட்ல வச்சு?”

“அதில்லடா, அது வந்து...”

“ஒண்ணும் பேசாத! உன் சொத்து எனக்கு வேணாம். இப்பவே கழட்டித் தர்றேன், மடியில கட்டிக்கினு போ!”

செண்பகம் வாயைத் திறக்கத் திறக்க அவன் அதற்கு மேல் கத்தினான். வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் செண்பகம் பேச்சில் தோற்றாள். அவன் வண்டியை டோல்கேட்டைத் தாண்டி ஓரங்கட்டினான். டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு குதித்தான், பெரியவர் என்றும் பார்க்காமல் அக்கா புருஷனைக்கூட முறைத்தான், விறுவிறுவென்று லாரிக்கு அடியில் புகுந்தான். சீனுவாசன் போய் நான்கு கல்லை எடுத்துவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

அடியிலிருந்து ஸ்பேனர் சத்தமும் திட்டும் மாறி மாறி வந்தன. சொந்தமாம், அக்காவாம், ஷாஃப்ட்டாம். பிறகு திட்டு நின்றது. ஸ்பேனரும் நின்றது.

“அக்கா.”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். செண்பகம் குனிந்தாள்.

“டார்ச் எடுத்துக்கினு உள்ள வா.”

ரோட்டில் முதுகு பட அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு டார்ச்சை அடித்தாள். சூடு ஆறாத ஷாஃப்ட்டின் முனையில், வெல்டிங் ஓரமாக, கறுப்பாக ஒரு விரிசல் பாதி வட்டம் ஓடியிருந்தது. தம்பி நகத்தை வைத்தான். நகம் உள்ளே போனது.

“இன்னும் ஒரு பள்ளம், அவ்ளோதான்” என்றான்.

செண்பகம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியே தப்பு என்று ஒத்துக்கொண்டு கூப்பிட்டதை, ஆர்த்தியை, லிஸ்டில் அவன் வண்டி இல்லாததை, சும்மாவே புதுசு தரப்போவதை.

“சும்மாவா?” என்றான் தம்பி. “ஓடிபி கேட்டாங்களா?”

அந்த நிலைமையிலும் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கும் இதாலதான்க்கா. கூட்டேரிப்பட்டு வந்ததும் வண்டி உதற ஆரம்பிச்சுது. பின்னாடி சனங்க, குழந்தைங்க. பயந்துட்டேன். எல்லாரையும் இறக்கி உட்டு, போல்ட்டு லூசுன்னு நெனச்சு அடியில பூந்து முறுக்குவேன், ஏத்திக்கினு கொஞ்ச தூரம் உருட்டுவேன், மறுபடியும் இறக்கி முறுக்குவேன். அப்டியேதான் வந்து சேந்தேன்.”

“ஷாஃப்ட்டாலதான் லேட்டுன்னு சொல்றதுக்கு இன்னாடா?”

“நீ உன் வண்டியில இருந்து கழட்டிக் குடுத்ததுக்கா அது. அத்தனை பேரு நிக்கறாங்க. அக்கா குடுத்தது சரியில்லன்னு நான் சொல்லணுமா?”

செண்பகம் டார்ச்சைத் தரையில் வைத்தாள். இரண்டு வருஷமாக அவனை எத்தனை விதமாகத் திட்டியிருப்பாள்! பல் தேய்க்கும்போது திட்டியிருக்கிறாள், பாத்திரம் கழுவும்போது திட்டியிருக்கிறாள். அவனோ அவள் பேர் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் பேச்சையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

“அப்புறமாவது மாத்தித் தொலைக்கக்கூடாதா, பைத்தியக்காரா?”

“மாசத்துக்கு ஒரு தபா முறுக்குவேன். முறுக்கறப்பல்லாம் உன்னைத் திட்டுவேன். மாத்திட்டா யாரைத் திட்டறது?”

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே அழுதாள். அவனும் அழுதான்.

“ஹலோ, அடியில யாருங்க?” என்று ஒரு டோல்கேட் ஊழியர் குனிந்து பார்த்தார். “இன்னா பிரச்சினை?”

“பிரச்சினை முடிஞ்சிடுச்சு சார்” என்றார் சீனுவாசன். “கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க.”

கழற்றிய ஷாஃப்ட்டைச் செண்பகத்தின் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவரும் திண்டிவனம் திரும்பினார்கள். அங்கே ஆர்த்திக்கு அடுத்த சோதனை காத்திருந்தது. ஷாஃப்ட்டில் குத்தியிருந்த நம்பர் பொருந்தியது. வண்டிதான் பொருந்தவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். எப்படி இது இன்னொரு வண்டிக்குப் போனது என்று அவர்கள் கேட்டதற்கு, “அக்கா தம்பி சார்” என்று மட்டும் சொன்னாள். என்ன நினைத்தார்களோ, சரி என்றுவிட்டார்கள். ஒரு வண்டிக்குப் புதுசு கிடைத்தது.

“அவன் வண்டிக்கு மாட்டுங்க” என்றாள் செண்பகம்.

“வேணாம், அக்காவுதுலதான் ரீகால் வந்துச்சு. அக்காவுதுக்கு மாட்டுங்க. அதுல இருக்கற பழைய பீஸை எனக்குக் குடுங்க.”

“டேய், லோடு ஏத்தறவன் நீ!”

“ஏன், நீ பஞ்சா ஏத்தற?”

மறுபடியும் கத்தல் ஆரம்பித்தது. இந்தத் தடவை கேட்கவே நன்றாக இருந்தது. பச்சைமுத்து யாரையும் கேட்காமல் புது ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு தம்பி வண்டிக்கு மாட்ட விக்கிரவாண்டிக்குக் கிளம்பிவிட்டான்.

“தயவுசெஞ்சு இனிமே ஒருத்தருக்கொருத்தர் பார்ட்ஸ் மாத்திக்காதீங்க” என்று ஆர்த்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சரிம்மா” என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில். தம்பி வண்டியில் ஸ்டெப்னி இல்லாமல் இருந்ததை அதற்குள் செண்பகம் கவனித்திருந்தாள். அன்று சாயங்காலம் இளவரசி வைத்த குழம்பைச் சாப்பிடப் போனபோது தன் ஸ்டெப்னியை அவன் வாசலில் உருட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே காதுகுத்து வைத்தார்கள். காலையில்தான் நேரம். மாமன் முந்தின நாள் மத்தியானமே சீர்த்தட்டு, ஸ்பீக்கர், ஜனம் எல்லாவற்றோடும் கோயிலுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டான். பந்தல் போடுகிறவர்களே அவனுக்குப் பிறகுதான் வந்தார்கள். ஆர்த்தியும் பச்சைமுத்துவும் விருந்தாளிகளாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பட்டுப்பாவாடையோடு கலைப்பிரியாவை மாமன் மடியில் உட்கார வைத்தாள் செண்பகம். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் கோகுலகிருஷ்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஊசி ஏறியது. விசும்பல் கேட்டது. பிள்ளையிடமிருந்து இல்லை, மாமனிடமிருந்து.

“என்னாலதான ரெண்டு வருஷமா புள்ள மூளிக்காதா இருந்துச்சு” என்று மேல்துண்டில் முகத்தைத் துடைத்தான்.

“உன்னால இல்லடா, வெல்டிங்கால” என்றாள் செண்பகம். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

கலைப்பிரியா ஒரு காதில் மின்னும் தோட்டோடு திரும்பி, மாமன் கன்னத்தைச் சந்தனக் கையால் தடவிக்கொடுத்தாள்.

“இப்பவே அழுது தீக்காத மாமா. இன்னொரு காது இருக்குது.”